மூன்றாம் கம்பி வராத பட்டறைகள்

மூன்று ஃபேஸில் ஓடுவதற்கென்று செய்த பெஞ்ச் கிரைண்டரை வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸில் ஓட்டுவதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. பாலிடெக்னிக் படித்தவர் அதை ஒட்டுவேலை என்பார். மோட்டாரின் சக்தி குறையும், காயில் சூடேறும், கையேட்டில் சொன்னபடி இல்லை என்று காரணங்களை அடுக்குவார். வைண்டிங் கடைக்காரர் பதில் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு கண்டன்சரை எடுப்பார். இருவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்றுதான்: இது கையில் காசில்லாத பட்டறைக்காரரின் குறுக்குவழி, நம்மூர் மூளையில் பிறந்த உபாயம். ஒருவர் இளக்காரமாகச் சொல்வதையே மற்றவர் பெருமையாகச் சொல்கிறார். அந்த ஒற்றுமைதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. இந்த மாற்றுவேலைக்கு மூன்று ஃபேஸ் மோட்டாரின் வயதே ஏறக்குறைய ஆகிறது. அதற்கான தேவை பிறந்ததும் மோட்டாருக்குள் இல்லை, தெருக்கம்பத்தில். எந்த வாசலுக்கு எத்தனை கம்பி என்று யாரோ எப்போதோ முடிவு செய்தார்கள். இயந்திரங்கள் அந்த முடிவுக்குக் கட்டுப்படாமல் இடம் மாறின. அந்த இடைவெளியை நிரப்பிய பொருள்தான் கண்டன்சர்.

முதலில் மோட்டாரையே பார்ப்போம். அரை எச்.பி. கிரைண்டரின் தகட்டில் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு என்று பொறித்திருக்கும். 415 என்பது இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவே உள்ள அழுத்தம். ஸ்டார் இணைப்பில் மூன்று காயில்களின் ஒரு முனை உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது அதை 1.732-ஆல் வகுத்து வருகிற 240 வோல்ட். வீட்டு பிளக்கில் வருகிற அழுத்தமும் அதுவே. ஆக, பட்டறை மின்சாரத்துக்கென்று பிறந்ததாக நாம் நினைக்கும் மோட்டாரின் காயில், பிறந்த நாள் முதல் வீட்டு அழுத்தத்தில்தான் வேலை செய்துவந்திருக்கிறது. டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டு, ஒவ்வொரு காயிலும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நேராக வரும்படி டெல்டாவாக இணைக்கலாம். பழைய கிரைண்டர்களில் அந்த வசதி இருக்காது. மூன்று ஒயர் மட்டும் வெளியே வரும், ஸ்டார் முடிச்சு காயில் தலைப்புக்குள் வார்னிஷில் புதைந்து கிடக்கும். நூல்கட்டை அறுத்து, அந்த முடிச்சைக் கண்டுபிடித்துப் பிரித்து, மூன்று புது ஒயர்களைப் பற்றவைத்து வெளியே எடுப்பதுதான் வைண்டிங் கடைக்காரரின் உண்மையான வேலை. கண்டன்சரை மாட்டுவது ஐந்து நிமிடம். முடிச்சை எடுப்பதற்குத்தான் கை வேண்டும். இற்றுப்போன எனாமல் கம்பியில் கொஞ்சம் அழுத்தினால் மொத்தக் காயிலும் போய்விடும்.

இனி பிறப்புக் கதை. சுழலும் காந்தப்புலத்தை 1888-இல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மிகயில் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் கூண்டு மோட்டாரைச் செய்துவிட்டார். 1891-இல் நெக்கார் ஆற்றங்கரை லாஃபனிலிருந்து ஃபிராங்ஃபுர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவு மூன்று கம்பிகளில் மின்சாரம் போனது. அங்கே அது 1000 விளக்குகளை எரித்தது. 100 எச்.பி. மோட்டார் ஒன்றை ஓட்டிச் செயற்கை அருவிக்கு நீர் ஏற்றியது. உலகம் மூன்று கம்பிக்குச் சாய்ந்ததற்கு அந்தக் காட்சி ஒரு பெரிய காரணம். ஆனால் அதற்கு முன்பே ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் வீடுகளுக்கு இரண்டு கம்பி விளக்கு மின்சாரம் போயிருந்தது. இரண்டு கம்பியில் வரும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை முன்னும் பின்னும் துடிக்கவைக்குமே தவிரச் சுழலவைக்காது. நின்ற மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். கையாலோ கயிற்றாலோ ஒரு பக்கம் சுழற்றிவிட்டால் அந்தப் பக்கமே வேகம் பிடித்து ஓடும். ஆகவே இரண்டு கம்பியிலிருந்து மூன்றாவது ஒன்றைப் பொய்யாகவாவது உண்டாக்குவது எப்படி என்ற கேள்வி 1890-களிலேயே பெரிய நிறுவனங்களின் மேசையில் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் அந்தப் பத்தாண்டின் நடுவில் விளக்குக்கு இரண்டு கம்பி, மோட்டார் கிளம்பத் துணைக்கு ஒரு மெல்லிய கம்பி என்ற ஏற்பாட்டை விற்றது. எதிர் நிறுவனத்தின் காப்புரிமையைச் சுற்றிப் போவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்த நிறுவனத்தின் கணித மேதை சார்லஸ் ஸ்டைன்மெட்ஸின் பெயரில்தான், மூன்று ஃபேஸ் மோட்டாரை டெல்டாவாக்கி மூன்றாம் முனையில் கண்டன்சர் போடும் இணைப்பை ஜெர்மன் தொழிற்பள்ளிகள் இன்றும் சொல்லித் தருகின்றன. 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. நம்மூர் வைண்டிங் கடையின் வாய்க்கணக்கும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி எழும். சிங்கிள் ஃபேஸுக்கென்றே மோட்டார் கடையில் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு? பதிலின் ஒரு பாதி விலை. செப்புக் காயிலும் நல்ல பேரிங்கும் வார்ப்பு உடலும் உள்ள பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட எந்தப் பட்டறைக்கும் மனம் வராது. மறுபாதி சுவையானது. கடையில் விற்கும் ‘அசல்’ சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குள்ளும் இரண்டு தனிக் காயில்கள் உண்டு. ஒன்று ஓடுவதற்கு, மற்றது கண்டன்சர் வழியாக நேரம் தள்ளிய மின்னோட்டத்தைப் பெற்றுக் கிளம்புவதற்கு. அதாவது அதுவும் மாறுவேடத்தில் இருக்கும் பல ஃபேஸ் மோட்டார்தான். மாற்றுவேலையைத் தொழிற்சாலையே செய்து மூடி போட்டுக் கொடுக்கிறது. இந்த வகை பரவலானதும் பிற்பாடுதான். விலை மலிவான, நம்பத்தக்க கண்டன்சர் வரும்வரை, அதாவது 1920-களின் கடைசி வரை, கனமான சிங்கிள் ஃபேஸ் வேலைக்கு கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் வைத்த சிக்கலான மோட்டார்களே கதி. குளிர்பதனப் பெட்டி அமெரிக்க வீடுகளில் நுழைந்தபோதுதான் கண்டன்சர் மோட்டாரும் கூட நுழைந்தது. ஆகவே ‘முறையான’ மோட்டாருக்கும் ‘மாற்றிய’ மோட்டாருக்கும் நடுவில் உள்ளது தரத்தில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு. இனமே வேறு என்று பேசுவதற்கு இடமில்லை.

கோவையின் கதை இந்த இடத்தில்தான் தனியாகப் பிரிகிறது. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை நீராவியில் தொடங்கிய ஊர் இது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, நீலகிரியிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. ஆலைகளுக்கு வந்தது மூன்று ஃபேஸ். அந்த ஆலைகளின் உதிரிபாகத் தேவையிலிருந்து வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் பிறந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்த மின்மோட்டாரை இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று ஊர் இன்றும் கொண்டாடுகிறது. கிணற்றுப் பாசனப் பகுதி என்பதால் ஊரின் மோட்டார் தொழில் பம்ப்செட்டையே பிடித்துக்கொண்டு வளர்ந்தது. 1957-இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தபின் கிராமங்களுக்குக் கம்பி இழுத்த வேகத்துக்கும் காரணம் பம்ப்செட்தான். அமெரிக்கக் கிராமங்களுக்கு 1930-களில் கம்பி போனபோது விளக்கும் வானொலியும் பால் கறக்கும் கருவியும் போதுமென்று பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் கம்பியே போனது, செலவு குறைவு. அங்கே மூன்று ஃபேஸ் இயந்திரம் வைத்திருந்த பண்ணைக்காரர்கள் சுழலும் ஃபேஸ் மாற்றிகளை வாங்க, அதுவே ஒரு வியாபாரமாயிற்று. தமிழ்நாட்டில் தலைகீழ். வயல் வரப்பு வரைக்கும் மூன்று ஃபேஸ் போனது, கிணற்றுக்கு ஐந்து எச்.பி. மோட்டார் கிடைத்தது, அந்த விவசாயியின் வீட்டுக்கோ ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும்.

நகரத்துத் தெருவிலும் இதே கோடு விழுந்தது, வேறு வடிவில். மொத்த இணைப்பு 4 கிலோவாட்டுக்குள் இருந்தால் சிங்கிள் ஃபேஸ், மேலே போனால் மூன்று ஃபேஸ் என்பது நெடுங்காலமாக இங்கே இருந்துவந்த வரையறை. காகிதத்தில் அது சுமையைப் பற்றிய விதி. நடைமுறையில் அது வீட்டையும் தொழிற்கூடத்தையும் பிரித்தது. பெரிய பட்டறைக்கு விண்ணப்பம், வரைபடம், தனிக் கட்டணப் பிரிவு, மூன்று ஃபேஸ் சர்வீஸ். வீட்டின் பின்கட்டில் ஒரு லேத்தும் ஒரு ட்ரில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கு, வாடகை வீடாக இருந்தால், உரிமையாளர் கையெழுத்தே கிடைக்காது. ஆனால் இயந்திரங்கள் இந்தக் கோட்டை மதிக்கவில்லை. 1970-களிலிருந்து கோவையின் பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக நொடித்தன. சிலவற்றை 1974-இல் அரசு எடுத்துக்கொண்டு தேசியப் பஞ்சாலைக் கழகத்தில் சேர்த்தது, மற்றவை பிற்பாடு மூடின. மூடுகிற ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்த கிரைண்டரும் ட்ரில்லிங் மெஷினும் ஏலத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் வந்தன. அதே பிரிவில் வேலை பார்த்த ஃபிட்டர் சொந்தமாகப் பட்டறை போட்டால் அவர் வாங்கக்கூடியது இதைத்தான். இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கையும் சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிட்டன. கம்பி மட்டும் ஆலை வாசலிலேயே நின்றுவிட்டது. இதைத் திறமைக் குறைவின் கதையாகப் படிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஃபிட்டருக்கு மூன்று ஃபேஸ் என்றால் என்னவென்று மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

மாற்றுவதற்கு ஏன் பெரும்பாலும் கிரைண்டரையே எடுத்தார்கள் என்பதும் இந்த வாதத்துக்குச் சாட்சி. கண்டன்சரால் உண்டாகும் மூன்றாவது ஃபேஸ் ஒரு குறிப்பிட்ட சுமையில்தான் ஒழுங்காக நிற்கும். மோட்டார் தருவது தகட்டில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கிளம்பும்போது அதன் இழுவை இன்னும் மோசம். காற்றழுத்தி போன்ற இயந்திரம் எடுத்த எடுப்பிலேயே கனமான சுமையை இழுக்க வேண்டும். அதில் இந்த வித்தை பலிக்காது, காயில்தான் புகையும். பெஞ்ச் கிரைண்டர் வெறுங்கையோடு கிளம்புகிறது. இரண்டு பக்கமும் உள்ள கல்லின் எடையால் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. பிறகு வேலை என்பது லேத் டூலையும் ட்ரில் பிட்டையும் சாணை பிடிப்பது. சில விநாடி தொடுவது, தண்ணீரில் முக்குவது, மறுபடி தொடுவது. அரை எச்.பி.யில் மூன்றில் இரண்டு பங்கென்றால் சுமார் 250 வாட். அந்த வேலைக்கு அது தாராளம். அரை எச்.பி.க்கு 25 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கண்டன்சர் போதும். பம்ப் மோட்டாருக்குப் போடும் அதே உருளை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. கண்டன்சரின் மறுமுனையை ஃபேஸ் பக்கம் கொடுப்பதா நியூட்ரல் பக்கம் கொடுப்பதா என்பதைப் பொறுத்துக் கல் சுழலும் திசை மாறும். கிரைண்டரின் இடது பக்க நட்டு இடது மரை, வலது பக்கம் சாதாரண மரை. கல் சுழல்வதால் நட்டு இறுகும்படி அமைத்தது. திசை தப்பினால் தீப்பொறி முகத்தை நோக்கி மேலே வருவதோடு நட்டும் கழல ஆரம்பிக்கும். மோட்டாரை மாற்றியபின் முதலில் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் தண்டை ஓட்டிப் பார்ப்பது பட்டறைப் பழக்கமானதன் காரணம் இது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று இவ்வளவு தெரிந்து செய்வதைக் கண்மூடித்தனம் என்று சொல்ல முடியாது.

மோட்டார் எரிந்துவிடும் என்ற குற்றச்சாட்டு வேறொரு அனுபவத்திலிருந்து வருகிறது. முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஒரு ஃபியூஸ் மட்டும் போனால் மோட்டார் நிற்காது. மிச்ச இரண்டு கம்பியில் ஏறக்குறைய 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, உறுமலோடு ஓடி, காயிலைக் கருக்கும். இப்படி வெந்துபோன பம்ப் மோட்டார்களால்தான் பாதி வைண்டிங் கடைகள் பிழைத்தன என்றாலும் மிகையில்லை. ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் என்ற கருவி வந்ததும் இதற்காகவே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்: இரண்டு கம்பியில் ஓடுகிற மூன்று ஃபேஸ் மோட்டார். ஆனால் ஒன்று யாருக்கும் தெரியாமல் முழுச் சுமையில் நேர்வது. மற்றது தெரிந்தே, சுமையைக் குறைத்து, டெல்டாவாக மாற்றி, மூன்றாம் காயிலுக்கும் பங்கு கொடுத்துச் செய்வது. முன்னதைப் பார்த்துப் பின்னதற்குத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. இந்தப் பழக்கம் பட்டறையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது வயலுக்குப் போனது. தமிழ்நாட்டில் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பற்றாக்குறையைச் சமாளிக்கக் கிராமப்புற மின்பாதைகளில் நாளின் சில மணி நேரம் மட்டும் மூன்று ஃபேஸ், மற்ற நேரம் வீடுகளின் விளக்குக்காக இரண்டு ஃபேஸ் என்ற முறை நிலைத்தது. கம்பியின் எண்ணிக்கையே இங்கே பூட்டாகிவிட்டது. மூன்றாவது கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் பம்ப் ஓடாது என்ற நம்பிக்கையில் போட்ட பூட்டு. அதைக் கண்டன்சர் திறந்துவிட்டது. இரண்டு ஃபேஸ் நேரத்திலும் கிணறுகள் இறைத்தன. மின்வாரியம் இதைத் தடை செய்தது; காரணம் வலுவானது. ஐந்து எச்.பி., ஏழரை எச்.பி. மோட்டார்கள் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இப்படிச் சேர்ந்து இழுத்தால் இரண்டு ஃபேஸில் மட்டும் சுமை குவியும், அழுத்தம் சரியும், வீடுகளில் விளக்கு மங்கும், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். போனால் ஊருக்கே இருட்டு. தனி ஒருவர் செய்தால் பாதகமில்லாதது எல்லோரும் செய்தால் பாதகம். விளக்கு நேரத்துக்கு அளந்துவிட்ட மின்பாதையில் பல கிலோவாட் இழுக்கிற விவசாயியையும், சர்வீஸில் அனுமதித்த சுமைக்குள், மிக்ஸியைவிடக் குறைவாக இழுக்கிற கிரைண்டர்காரரையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. இதே வாரியம், திறன்காரணியை உயர்த்தப் பம்ப் மோட்டாருக்குக் கண்டன்சர் பொருத்தச் சொல்லியும் வந்தது என்பது இந்தக் கதையின் வேடிக்கை. கோவையின் தொழிலோ எந்தப் பக்கமும் சாயவில்லை. ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பெட்டியையும் செய்தது. ‘இரண்டு ஃபேஸ்’, ‘மூன்று ஃபேஸ்’ என்று திருகும் சுவிட்சோடு உள்ளே கண்டன்சர் வைத்த பெட்டியையும் செய்து, இரண்டையும் அதே கடைக்காரருக்கு அனுப்பியது.

இதெல்லாம் சின்ன ஆட்களின் வேலை என்று இன்னும் நினைப்பவர்கள் ரயிலைப் பார்க்கலாம். தண்டவாளத்துக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் கம்பி. திரும்பும் வழி தண்டவாளமே. எஞ்சினுக்குள் காற்று ஊதிகளும் காற்றழுத்திகளும் எண்ணெய் பம்புகளும் மூன்று ஃபேஸ் மோட்டார்கள். ஆக, ஓடுகிற எஞ்சினுக்கும் பின்கட்டுப் பட்டறைக்கும் சிக்கல் ஒன்றே. இத்தாலியப் பொறியாளர் ரிக்கார்டோ ஆர்னோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சொன்ன யோசனைப்படி, சிங்கிள் ஃபேஸில் ஓடவிட்ட ஒரு மூன்று ஃபேஸ் இயந்திரத்தின் மூன்றாம் முனையிலிருந்து மற்ற மோட்டார்களுக்கு மின்சாரம் எடுப்பதுதான் அங்கே கண்ட தீர்வு. சித்தரஞ்சனில் 1970-களிலிருந்து கட்டிய டபிள்யூ.ஏ.எம்.-4 போன்ற எஞ்சின்களில் ‘ஆர்னோ’ என்ற பெயரோடே அது பல்லாண்டு சுழன்றது. ஹங்கேரியில் கால்மான் காண்டோ 1920-களில் இழுவை மோட்டாருக்கே ஃபேஸ் மாற்றியைப் பயன்படுத்தினார். ரயில்வே செய்தால் பொறியியல், வைண்டிங் கடை செய்தால் ஒட்டுவேலை என்ற பாகுபாட்டுக்கு மின்னியலில் ஆதாரம் கிடையாது. ரயிலிலும் பட்டறையிலும் கம்பி ஒருவகை, மோட்டார் இன்னொருவகை. நடுவில் ஒரு பொருளை வைத்தாக வேண்டியிருந்தது.

இப்போது அந்த நடுப்பொருள் மாறிவிட்டது. எஞ்சின்களில் ஆர்னோவின் இடத்தை மின்னணு மாற்றிகள் பிடித்தன, பட்டறையில் வி.எஃப்.டி. என்ற சிறு பெட்டி, 240 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கி அதிலிருந்து உண்மையான மூன்று ஃபேஸை உண்டாக்கித் தருகிறது. மோட்டாருக்கு முழுச் சக்தியும் மெதுவான கிளம்பலும் கிடைக்கின்றன. ஸ்டார் முடிச்சைத் தேடும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் பெட்டி தருவதும் 240 வோல்ட்தான். புது ஆபத்து ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. கண்டன்சரால் கிரைண்டரின் வேகத்தை ஏற்ற முடியாது. இந்தப் பெட்டியின் குமிழைத் திருகினால் ஏறும். 200 மில்லிமீட்டர் கல் 2850 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸை 60 ஆக்கினால் அது 36-ஐத் தொடும். சாதாரண எமரி கல்லின் லேபிளில் அச்சிட்ட எல்லையோ பெரும்பாலும் 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். பழைய ஒட்டுவேலையில் வேகம் மிஞ்சிக் கல் வெடிக்கும் வழி இல்லை, புதிய நேர்த்தியான வேலையில் இருக்கிறது. தெருக்கம்பத்திலும் ஒரு மாற்றம். கோவையின் புது வீடுகள் பலவற்றில் இப்போது மூன்று ஃபேஸ் சர்வீஸ் இருக்கிறது. இரண்டு ஏசியும் ஒரு வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தாலே 4 கிலோவாட் தாண்டிவிடுகிறது. பின்கட்டு லேத் கேட்டபோது வாசல் ஏறாத மூன்றாவது கம்பி, படுக்கையறை குளிர வேண்டும் என்றதும் ஏறிவிட்டது. அந்த வீட்டில் இன்று கிரைண்டரை ஓட்டக் கண்டன்சரும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஆனால் வீட்டுக் கட்டண இணைப்பில் கூலிக்கு டூல் சாணை பிடித்துக் கொடுத்தால் அது பழையபடி விதிமீறல்தான்.